விழிஞ்ஞத்தில் நான்கு நாட்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பொதுத் தலைப்பு "யாத்திரை அனுபவங்கள்". எனக்கு முன் பேசியவர்கள் காசி, பத்ரிநாத், முக்திநாத் என்று உயரமான இடங்களுக்கெல்லாம் நம்மை அழைத்துச் சென்றார்கள். நான் உங்களைக் கடல்மட்டத்துக்கு இறக்கப் போகிறேன். நான் பேசப்போவது ஒரு மீன்பிடி ஊரைப் பற்றி. முன் வரிசை மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் திருவனந்தபுரம் போனால் என்ன செய்கிறோம்? பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், அனந்தபத்மநாப ஸ்வாமி தரிசனம், ஆற்றுகால் பகவதி, சாயங்காலம் குழந்தைகளுக்காகக் கோவளம், மறுநாள் விடியற்காலை சுசீந்திரம், கன்னியாகுமரி. கோவளத்தில் கலங்கரை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். 1972 முதல் ஒளி காட்டிவரும் அந்த விளக்கின் பெயரே விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம்தான். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டரில் விழிஞ்ஞம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போய் வந்த நம் பிள்ளைகள், "அங்கே சந்தைக்குள் நடந்தோம், உள்ளூர்க்காரர்களோடு பஸ்ஸில் போனோம், தெருவோரக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம், அதுதான் மறக்க முடியாதது" என்று சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு விமானம் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிழக்கேகோட்டையில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஏறினால் போதும். பதினாறு கிலோமீட்டர். வழியில் திருவல்லம் பரசுராமர் கோவில். கர்க்கடக வாவுக்கு அங்கே பித்ரு பலி போடுவதற்குக் கூடும் கூட்டம் பிரசித்தம். நானும் திருவல்லத்துக்கு வந்த காரியம் முடிந்ததும், மீதமிருந்த நான்கு நாட்களை விழிஞ்ஞத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிக் கழித்தேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். விழிஞ்ஞம் ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் தலைநகரமும் துறைமுகமும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இந்த ஊரைப் பிடித்ததை ஸ்ரீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. கடலையே அகழியாக உடைய கோட்டை என்று ஊரை அது வர்ணிக்கிறது. பின்பு சோழர்கள் வந்தார்கள். கலிங்கத்துப்பரணியிலும் விழிஞம் வருகிறது. மூன்று அரசுகள் மாறி மாறிச் சண்டை போட்டது சும்மா இல்லை. கரையை ஒட்டியே ஆழம். இயற்கையாகவே அமைந்த துறை.

பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சிறு தோட்டம். அதற்குள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள குடைவரைக் கோவில். சுமார் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே பாறை, ஒரே அறை, உள்ளே வீணாதர தக்ஷிணாமூர்த்தி. வெளிச்சுவரில் ஒரு பக்கம் திரிபுராந்தகர், மறுபக்கம் நடனமாடும் சிவனும் பார்வதியும். வெளியே உள்ள உருவங்களைச் சிற்பி முடிக்கவில்லை. பாறையிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கிறார்கள். ஏன் நிறுத்தினான் என்று யாருக்குத் தெரியும்? பூஜை இல்லை, கூட்டம் இல்லை, உண்டியல் இல்லை. நான் போன காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தக்ஷிணாமூர்த்தி சந்நிதிக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டம் வேண்டாம் என்று தோன்றியது.

இன்னொரு செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விஷ்ணு கோவிலும், அதோடு சேர்த்து ஒரு வேத பாடசாலையும் நிறுவினான். தொண்ணூற்றைந்து வித்யார்த்திகளுக்கு இடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து அது நடந்தது. செப்பேடு இருக்கிறது. அந்த அரசனின் கருவூலத்துக்கு எது வருமானம்? வயலும் உண்டு, துறைமுகமும் உண்டு. அந்தத் தொண்ணூற்றைந்து பேரின் இலையில் விழுந்த சாதத்தில் விழிஞ்ஞம் கடல்துறையின் பங்கும் இருந்திருக்கும் என்று நினைப்பது தவறாகாது. ஆகவே நாம் அந்தக் கரைக்கு முற்றிலும் அந்நியர்கள் அல்ல.

இனி, ஊரின் ஒரு நாள். ஊர் நமக்கு முன்பே எழுந்துவிடுகிறது. ஒரு பக்கம் மசூதியில் பாங்கு, மறுபக்கம் மாதா கோவில் மணி. நடுவில் துறை. இரண்டு பக்கத்தாரும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். ஐந்தரை மணிக்குத் துறைக்குப் போனால் இரவு முழுவதும் கடலில் இருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். இப்போது பெரும்பாலும் ஃபைபர் வள்ளங்கள், பின்னால் என்ஜின். கட்டுமரமும் முற்றிலும் போய்விடவில்லை. மீனைக் கரையில் கொட்டியதும் ஏலம். ஏலம் போடுகிறவர் சொல்லும் தொகை, வேகமாகச் சொல்லும் சங்கல்பம் மாதிரி, பழகாத காதுக்கு ஒன்றும் பிடிபடாது. தலையசைத்தால் விலை ஏறுகிறது. அதனால் அங்கே நின்றுகொண்டு யாருக்கும் தலையசைத்து நமஸ்காரம் சொல்லாதீர்கள்! சாளை, நெத்திலி, சூரை, கணவாய் என்று பெயர்கள் மட்டும் நானும் தெரிந்துகொண்டேன்.

"வாடை எப்படித் தாங்கினீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். நேராகவே சொல்கிறேன். வாடை உண்டு. இரண்டாம் நாள் குறையும், மூன்றாம் நாள் மூக்கு மறந்துவிடும். நம் ஆகாரத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மற்றவர் ஆகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை. ஏலத்தருகே நின்ற என் நெற்றி விபூதியைப் பார்த்த ஓர் அம்மாள், அலுமினியச் சருவத்தைத் தூக்கியபடியே, "சாமி மாறி நிக்கணே, வெள்ளம் தெறிக்கும்" என்றாள். சருவத்தில் அவளுடைய அன்றைய பிழைப்பு முழுவதும் இருக்கிறது. அவசரம் அவளுக்கு. ஆனால் என் வேஷ்டியில் மீன்தண்ணீர் படக்கூடாது என்ற கவலையும் அவளுக்கே. விருந்தோம்பல் என்றால் வாழையிலையும் பாயசமும் மட்டும் இல்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது.

இந்தப் பெண்கள்தான் மீனை நகரத்துக்குக் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்கிறவர்கள். பாத்திரத்தோடு பஸ்ஸில் ஏறுவது நெடுங்காலம் பெரும் பாடு. 2021இல் இவர்களுக்காகவே "சமுத்ரா" என்ற பெயரில் கட்டணமில்லாத பஸ்களை அரசு விட்டது. பொருளை வைக்க இடம், உட்கார இடம். அவ்வளவு சின்ன வசதி ஒரு மனுஷியின் மரியாதையை எவ்வளவு உயர்த்துகிறது!

பகல் பன்னிரண்டுக்கு மேல் ஊர் தூங்கும். இரவில் உழைத்தவர்கள் பகலில் தூங்காமல் என்ன செய்வார்கள்? நம்மவர்கள் யாராவது பார்த்தால் "சோம்பேறி ஊர்" என்று எழுதிவிடுவார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். புட்டும் கடலையும், ஆப்பம், தோசை, மத்தியானம் சைவ ஊண். "சுத்த சைவம்தானே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளபடி சொல்வார்கள். குடிக்கக் கொடுக்கும் இளஞ்சிவப்புச் சுடுதண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்தது.

மூன்று மணிக்கு மேல் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். அதுதான் பேச்சு நேரம். நம் தமிழை நிதானமாகப் பேசினால் போதும், அவர்களுக்குப் புரிகிறது. குளச்சல், தூத்தூர்ப் பக்கமெல்லாம் உறவும் தொழிலும் உள்ளவர்கள். ஒரு முதியவர் எனக்குக் "கணிச்சம்" என்றால் என்ன என்று விளக்கினார். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டை அவர்கள் பாரு என்கிறார்கள். நடுக்கடலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்கள், உதாரணமாக ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு குன்றும், ஒரே நேராக வர வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அதேபோல நேராக வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் பாரு. காகிதம் இல்லை, கருவி இல்லை. அப்பா மகனுக்குச் சொல்லி மகன் மனசில் வாங்கிய பாடம். எழுதாமல் வாயால் சொல்லி, காதால் கேட்டுக் காப்பாற்றிய வித்தை நம்முடையது மட்டும்தான் என்று நாம் பெருமைப்படுகிறோம் அல்லவா? கொஞ்சம் இறங்கி வரலாம்.

அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "சாமியோட நாட்டிலே கோவில் கோபுரம் பெரிசு என்று சொல்லுவாங்க. கடல்லேர்ந்து காணுமோ?" எங்கள் ஊர் கடலுக்கு வெகு தூரம் என்றேன். "அப்போ பிரயோஜனம் இல்லை" என்று சிரித்தார். பிறகு தெற்கே கையைக் காட்டினார். "முன்னே பள்ளியும் குன்றும் நோக்கி வருவோம். இப்போ எல்லாருக்கும் அந்த கிரேன்தான் கணிச்சம்."

அந்த கிரேன்கள் புதிய துறைமுகத்தினுடையவை. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. 2024 ஜூலையில் "சான் ஃபெர்னாண்டோ" என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் நாட்டுக் கன்டெய்னர்கள் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கப்பல் மாறும் நிலையைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். தேசத்துக்கு வேண்டியதுதான். ஆனால் 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மீனவர்கள் துறைமுக வாசலில் போராடினார்கள். கடல் கரையைத் தின்கிறது, வீடுகள் போகின்றன, தொழில் போகிறது என்பது அவர்கள் முறை. கரையரிப்புக்குக் காரணம் துறைமுகம் அல்ல என்பது எதிர்த்தரப்பு. தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒரே தெருவில், மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்த வீட்டையும் பார்த்தேன், வள்ளத்தை விற்றுவிட்ட வீட்டையும் பார்த்தேன். பத்திரிகையில் இரண்டு பத்தியாகப் படித்த விஷயத்துக்கு முகம் வந்துவிட்டது. பயணத்தின் பலன் அதுதான்.

அந்த மக்களுக்கு நாம் பட்ட கடனும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் கேரளக் கரையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இந்தக் கரையிலும் பல வீடுகளில் சட்டம் போட்ட படங்கள் தொங்குகின்றன. அடுத்த ஆகஸ்டிலேயே, 2018 பெருவெள்ளத்தில், அதே கரைக்காரர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய், மாடியிலும் கூரையிலும் நின்றவர்களை இறக்கினார்கள். "எந்த ஜாதி, எந்த மதம்?" என்று கேட்டுக்கொண்டா ஏற்றினார்கள்?

நிறைவாக, போக விரும்பும் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள். காரில் போய் இறங்காமல் பஸ்ஸில் போங்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். துறையில் சுமை தூக்கி வருபவர்களின் வழியில் நிற்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம், காட்சிசாலை அல்ல. "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். நம்மை யாராவது அப்படிக் கேட்டால் பிடிக்குமா? பெரியவர்களைச் சேட்டன், சேச்சி என்று கூப்பிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் இன்னும் விசேஷம். மழைக்காலத்தில் மற்றக் கரைகளில் அலை பொங்கும்போது, இந்த வளைகுடாவின் அமைதியை நம்பிச் சுற்று வட்டார வள்ளங்களெல்லாம் இங்கே வந்து சேரும். குடை மட்டும் மறக்காதீர்கள்.

க்ஷேத்திரங்களுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரிசனம் முடிந்த பிறகு, அந்த ஸ்வாமி யாரையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்றும் ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள் என்கிறேன். அடுத்த முறை சங்கத்தின் யாத்திரைக் குழு திருவனந்தபுரம் போகும்போது, நிகழ்ச்சி நிரலில் கோவளத்துக்கு ஒதுக்கும் இரண்டு மணி நேரத்தை விழிஞ்ஞத்துக்கு ஒரு முழு நாளாக மாற்றும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.