அரசாங்கக் கணக்கேட்டில் எமது மாவட்டங்கள்



வடக்கு, கிழக்கு மாகாணங்களின் பொருளாதாரம் நலிந்து கிடக்கிறது என்று மேடைதோறும் கூறி வருகிறோம். உண்மைதான். ஆயினும், எந்தத் தொழில், எந்த மாவட்டத்தில், எவ்வளவு நலிந்தது என்று ஒருவர் எழுந்து கேட்பாரானால் எம்மிடம் விடை உண்டா? உள்ளக் கொதிப்பு உண்டு, கணக்கு இல்லை. வரவு செலவுத் திட்ட விவாதத்திலோ, கணக்கோடு வருபவரின் சொல்லே அம்பலமேறுகிறது.

அப்படியானால் அரசாங்கம் கணக்கெடுப்பதில்லையா? எடுக்கிறது, எமது வரிப்பணத்திலேயே எடுக்கிறது. அதில் எமக்குக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிற் சுங்கத் திணைக்களத்தின் ஏட்டைப் பார்ப்போம். கப்பலிலே தேயிலை வெளியே போனாலும், பருப்பு உள்ளே வந்தாலும், அதற்கொரு சுங்கப் பிரகடனம் எழுதப்படுகிறது. பொருளின் குறியீட்டெண், நிறை, பெறுமதி, வந்த நாடு, செல்லும் நாடு யாவும் அதில் உண்டு. 1988ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சர்வதேச முறையின்படி அக்குறியீட்டெண்ணின் முதல் 6 இலக்கங்கள் அம்முறையைக் கைக்கொள்ளும் எல்லா நாடுகளிலும் ஒன்றே. 5,000க்கு மேற்பட்ட பொருள் வகைகள் அதில் அடங்கும். ஆகவே, இந்தியாவுக்கு இவ்வளவு விற்றோம் என்று இலங்கை எழுதினால், இலங்கையிடம் எவ்வளவு வாங்கியதாக இந்தியா எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தகத் தரவுத் தொகுதியில் இரண்டும் உள்ளன. வாங்கியவர் கணக்கில் கப்பற் கூலியும் காப்புறுதியும் சேருவதால் இரண்டும் அச்சொட்டாக ஒத்திருக்கமாட்டா. ஆனால் வேறுபாடு அளவுக்கு மிஞ்சினால், எங்கோ விலை கூட்டியோ குறைத்தோ எழுதப்பட்டிருக்கிறதா என்று துருவிப் பார்க்க வேண்டும்.

எண்ணைக் கண்ட மாத்திரத்தில் நம்பிவிடுதலும் ஆகாது. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998இற் கைச்சாத்தாகி 2000ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எமது ஏற்றுமதி பாய்ந்தேறியது. பாய்ந்தவை எவை? பெரும்பங்கு வனஸ்பதியும் செம்புமே. செம்பு தோண்டும் சுரங்கம் இங்கு ஏது? பாமெண்ணெயையும் பழஞ்செம்பையும் வெளிநாடுகளிலிருந்து தருவித்து, சிறிது பதப்படுத்தி, இந்தியா விதித்திருந்த உயர்ந்த தீர்வையிலிருந்து தப்புவதற்காக அங்கு அனுப்பினார்கள். இந்தியா தன் தீர்வைகளை மாற்றி, கட்டுப்பாடும் விதித்ததும் அந்த வியாபாரம் சரிந்தது. ஏற்றுமதித் தொகையை மாத்திரம் கண்டவர்கள் வெற்றி என்றார்கள். இறக்குமதி ஏட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தவர்களுக்கே உள்ளே நடந்தது விளங்கிற்று.

இவ்வளவு நுணுக்கமான ஏட்டிலும் எமக்கு வேண்டிய ஒன்று இல்லை. யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார்க் கடலிலும் பிடிபடும் நண்டு கொழும்பு வழியாகவே வெளிநாடு போகிறது. எந்த நாட்டுக்குப் போயிற்று என்று ஏடு சொல்லும். எந்தக் கரையில் இறங்கிற்று என்று சொல்லாது. கடலில் இறங்கியவனின் மாவட்டம் அங்கேயே மறைந்துவிடுகிறது. மேல் மாகாணம் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 40க்கு மேல் தருகிறது என்று மத்திய வங்கி காட்டும்போது, அது பொய் என்று நாம் சொல்லவில்லை. விளைந்த இடத்தின் பங்கு எவ்வளவு, கைமாறிய இடத்தின் பங்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

இனித் தொழில் நிலையங்களின் கணக்கு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2013/14இல் நடத்திய பொருளாதாரத் தொகைமதிப்பில், விவசாயம் சாராத நிலையங்கள் 10 இலட்சத்துக்கு மேல் என்று கண்டது. பத்தில் ஒன்பது மிகச் சிறியவை. தையற்கடை, சைக்கிள் கடை, அரைக்கும் ஆலை போன்றவை. பயனுள்ள வேலைதான். ஆனால் அது ஒருநாட் படம் போன்றது. அதற்கு முன் இருந்து மறைந்தவை எவை என்று அது காட்டாது. 1950இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர்க்காலத்தில் நின்றது. பெரிய ஆலைகளின் பெயராவது நினைவிலிருக்கிறது. அவற்றைச் சுற்றிப் பிழைத்த சிறு பட்டறைகளின் கணக்கு எங்கே? 1981க்குப் பின் 1991இல் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மாத்திரமே அது நிறைவேறியது; எஞ்சிய 7உம் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவை. நாடு முழுவதையும் எண்ணியது 2012இலேயே. மூன்று தசாப்தங்கள்! அந்த இடைவெளியை நிரப்ப அக்காலத்து வரிப் பதிவேடுகளும், உள்ளூராட்சிச் சபைகளின் வியாபார உரிமப் பதிவுகளுமே துணை.

தனியார் இரகசியம் வெளியாகிவிடும் என்பாரும் உளர். அது வெறும் சாட்டன்று. ஒரு பிரதேசத்தில் ஒரேயொரு ஐஸ் ஆலை இருந்தால், அப்பிரதேசத்து ஐஸ் ஆலைகளின் மொத்த வருமானம் என்பது அந்த ஒருவரின் வருமானமே. அதை அச்சிடலாகாது. ஆனால் பூட்டி வைப்பதொன்றே வழியா? ஐக்கிய அமெரிக்காவிலே 1976 முதலான தொழில் நிலையங்களை ஆண்டுக்காண்டு தொடர்ந்து காட்டும் கணக்கொன்று உண்டு. 1994இல் பொஸ்டனில் தொடங்கிய ஆய்வு நிலையங்களில் ஆய்வாளர் அதைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் 5 ஆண்டுவரை சிறை, 250,000 டொலர் வரை தண்டம். கண்ட முடிவும் அதிகாரிகள் சோதித்த பின்னரே வெளியே வரும். இப்படியொரு அறையைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திறப்பதற்குப் பெருஞ் செலவு ஆகாது.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதலாம்; 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். ஒரு கம்பனியின் வியாபார இரகசியத்தைக் கேட்டால் மறுப்பார்கள். மறுப்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே பெயர்களைக் கேட்காதீர்கள். பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக, தொழில் வகை வாரியாக, நிலையங்களின் தொகையையும் வேலையாட்களின் தொகையையும் கேளுங்கள். நண்டு, கணவாய், கடலட்டை ஆகியவற்றின் ஏற்றுமதியை ஆண்டு வாரியாகச் சுங்கத்திடம் கேட்டு, கடற்றொழிற் திணைக்களத்தின் மாவட்டப் பிடிபாட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு பிரிவை ஒரு மாணவர் பொறுப்பேற்றாற் போதும். விண்ணப்பத்தின் மாதிரிப் பிரதிகள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.