டார்ட் பாடிய காலம்

ஈப்போவின் குனோங் ராபாட்டில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல, ஏர்போர்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுபதுகளில் மலேசிய விமான நிறுவனமான மாஸின் போக்கர் பிரண்ட்ஷிப் விமானம் ஈப்போவில் இறங்கும்போது, விசிலடிப்பதுபோல் ஒரு கூர்மையான சத்தம் சுண்ணாம்புக் குன்றுகளில் பட்டு எதிரொலிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அது ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் இயந்திரம்.

அதே டார்ட் இரண்டைப் பூட்டித்தான் அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் கல்ஃப்ஸ்ட்ரீம் ஒன்று என்ற விமானத்தைக் கட்டியது. கம்பெனி முதலாளிகளின் பயணத்துக்கென்றே வடிவமைத்த முதல் டர்போபுரொப், அதாவது டர்பைனால் புரொப்பெல்லர் சுழலும் விமானம், அதுதான். 1958 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. 1969இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 200 விமானங்கள், அவ்வளவுதான்.

ஏன் நிறுத்தினார்கள்? ஜெட் மோகம்! 1966இல் கல்ஃப்ஸ்ட்ரீம் இரண்டு என்ற ஜெட் பறந்தது. பணக்காரர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பழைய விமானத்தில் குறை இல்லை. திரும்பவும் சொல்கிறேன், விமானத்தில் குறை இல்லை. வால்ட் டிஸ்னி தன் பூங்காவுக்குப் புளோரிடாவில் இடம் பார்க்கப் போனது இதில்தான். நாசாவும் வைத்திருந்தது.

சரி, டார்ட்டுக்கு வருகிறேன். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். லயனல் ஹாவொர்த் வடிவமைத்து 1946இல் முதலில் ஓடிய இயந்திரம். ஆரம்பத்தில் எடை கூடுதல், வலு குறைவு. விடாமல் திருத்தித் திருத்தித்தான் தேற்றினார்கள். இதன் அழகு என்னவென்றால், புரொப்பெல்லர், கம்ப்ரெசர், டர்பைன் மூன்றும் ஒரே தொடர்பில் ஓடும். புரொப்பெல்லரைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே கம்ப்ரெசர் ஏறக்குறைய 11 சுற்று சுற்றும். முழு இயந்திரமும் உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பி.டி. சிக்ஸ் இயந்திரத்தில் அது கிடையாது. அதில் புரொப்பெல்லருக்குத் தனி டர்பைன்.

சுபாங் விமான நிலைய ஹேங்கரில் நான் வேலை பழகியபோது தைப்பிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் இருந்தார். இயந்திரத்தை அணைத்த பிறகு யாரையும் வாய் திறக்க விடமாட்டார். "தம்பி, காதைக் கொடு" என்பார். புரொப்பெல்லர் நிற்கும் வரை கேட்போம். சத்தம் ஒரே சீராகத் தேய்ந்து அடங்கினால் சரி. நடுவில் லேசாக உரசல் கேட்டதோ, அன்றைக்கு மூடியைக் கழற்றாமல் வீட்டுக்குப் போக முடியாது. காதால் கண்டுபிடிப்போம், நேயர்களே, காதால்!

நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடும், இயந்திரத்தின் வலு இறங்கும். அப்போது தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே பீய்ச்சினால் இறங்கிய வலு திரும்ப ஏறும். எவ்வளவு எளிய ஏற்பாடு! டார்ட் எண்ணெய் அதிகம் குடிக்கும் என்பார்கள். குடிக்கட்டுமே.

ஈப்போவிலிருந்து சுபாங் நேராகப் பறந்தால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஜெட் உயரம் போனால்தான் சிக்கனம். இங்கே ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். இந்தத் தூரத்துக்கு டர்போபுரொப்தான் சரி, நான் என்றைக்கும் இதையே சொல்வேன். பீச்கிராஃப்ட் கிங் ஏர் 1964இல் பறக்க ஆரம்பித்தது, இன்னமும் புதிதாகச் செய்கிறார்கள். வாங்க ஆள் இல்லாமலா செய்வார்கள்?

கல்ஃப்ஸ்ட்ரீம் ஒன்றின் உடலை நீட்டி 37 பேர் உட்காரும்படி 1979இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து விமானங்களைத்தான் அப்படி மாற்றினார்கள். பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. எனக்கு இன்னும் ஆறவில்லை. டார்ட் உற்பத்தியோ 1987 வரை நடந்தது. விமானத்தின் உற்பத்தி நின்று 18 வருடம் வரை இயந்திரத்தின் உற்பத்தி ஓடியது!

டிஸ்னியின் விமானம் இப்போது கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜன்னல்களைப் பாருங்கள், பெரிய முட்டை வடிவ ஜன்னல்கள். அதைப் பார்த்த கையோடு இறக்கைக்கு முன்னால் போய் இயந்திரத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.