தேடுவோர் கண்ணில் படும் இடம்

(வானகரத்தில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

நம் சங்கத்தின் இணையதளம் தேடுபொறியில் முன்வரிசைக்கு வருவது எங்ஙனம் என்பது குறித்துப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். யாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். கரும்பலகையோடு பழகிய ஆசிரியரேயாவோம். ஆயினும் இப்பொருள் வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளைகளின் கல்வி இதில் அடங்கியிருப்பதால், இது நம் அனைவர்க்கும் உரியதாகும்.

நம் தளத்தில் என்ன இருக்கிறது? கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய சான்றுகளின் பட்டியல் இருக்கிறது. மாலை வகுப்புகளின் நேரம் இருக்கிறது. விடுதிச் சேர்க்கை பற்றிய குறிப்பு இருக்கிறது. அத்தனையும் நம் உறுப்பினர்கள் அலுவலகங்களுக்கு நடந்து, கேட்டு, சரிபார்த்து எழுதியவை. ஆயினும் மதுரவாயலில் இருக்கும் ஒரு மாணவி தன் கைப்பேசியில் உதவித்தொகை என்று தேடினால், நம் தளம் அவள் கண்ணில் படுவதில்லை. முதலில் நிற்பவை பணம் கொடுத்து இடம் பெற்ற விளம்பரங்கள். அடுத்து நிற்பவற்றுள் சில, சென்ற ஆண்டின் கடைசி நாளை இவ்வாண்டிற்கு உரியது போல் காட்டுபவை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதற்கு விண்ணப்பிக்க அரசு கட்டணம் வாங்குவதில்லை. அங்ஙனமிருக்க, இலவசமான விண்ணப்பத்திற்குத் தரகரிடம் பணம் கொடுத்துவிட்டு வந்த தந்தையரை யாம் கண்டிருக்கிறோம். நாள் கடந்த பின் கண்ணீரோடு வந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். சரியான செய்தி ஊரிலேயே இருந்தது. அது அவர்களுக்கு எட்டவில்லை.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பார்கள். கோயம்பேட்டின் நடுவே இருக்கும் பூக்கடைக்கு அது பொருந்தும். சந்துக்குள் கதவைச் சாத்தி விளக்கையும் அணைத்துவைத்த கடையின் மல்லிகை எவர் கூந்தலிலும் ஏறாது.

நாம் கேள்வி கேட்ட பிறகுதான் தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. சிலந்தி என்று அழைக்கப்பெறும் நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புகளின் வழியே இரவும் பகலும் சென்றுகொண்டே இருக்கின்றன. கண்ட பக்கங்களின் சொற்களை எல்லாம் நூலக அட்டவணை போல் முன்னரே பதிந்து வைக்கின்றன. கேள்வி வந்ததும், அந்த அட்டவணையில் பொருந்தியவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. ஆகவே, எந்த இணைப்பும் சென்று சேராத பக்கம் அட்டவணையில் ஏறாமலே போகலாம்.

வரிசை எங்ஙனம் அமைகிறது? 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா முதலிய முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களையே கணக்கிட்டன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் வேறொரு முறையை வெளியிட்டனர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்தால், அதனை ஒரு பரிந்துரையாகக் கொள்வது அம்முறை. பரிந்துரைப்பவரின் தகுதிக்கேற்பப் பரிந்துரையின் மதிப்பும் கூடும். ஒரு மேஸ்திரி தம்மைப் பத்து முறை புகழ்ந்துகொள்வதினும், அவர் கட்டிய வீட்டில் குடியிருப்பவர் ஒருமுறை நல்ல சொல் சொல்வது மேலானதன்றோ? சொல்பவர் ஒரு பொறியாளராக இருப்பின் இன்னும் மேலானது. இக்கருத்தின்மேல் எழுந்ததே கூகுள். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. எனினும் பிறர் நம்மைச் சுட்டுவதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இளைஞர்களே! எழுதி வைப்பது மட்டும் போதாது, அது தேடுவோர்க்குக் கிடைக்கவும் வேண்டும் என்பதை நம் வரலாறே நமக்குக் கற்பித்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914இல் தாம் மறையும்வரை அதில் வரலாறும் சமயமும் மருத்துவமும் அரசியலும் எழுதிக் குவித்தார். அவ்வளவும் அச்சில் இருந்தும், பல பத்தாண்டுகள் பொதுவாசகர் கைக்கு எட்டவில்லை. ஞான அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பின்னரே, அவர் எழுத்துகளைப் பலரும் படிக்கவும் மேற்கோள் காட்டவும் வழி பிறந்தது. இடையில் கழிந்தவை 85 ஆண்டுகள். அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் தமக்கென ஓர் அறிவு மரபு உண்டென்பதை அறியாமலே வளர்ந்திருப்பர்! இணையத்தில் நாம் எழுதுவதற்கும் அந்நிலை நேரலாகாது.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, தேடுவோரின் சொற்களை அறிதல். எம் பள்ளியில் மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம், உதவித்தொகை பற்றி அறிய நீங்கள் கைப்பேசியில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டு, எழுதித் தரச் சொன்னோம். ‘ஆதிதிராவிடர் நலக் கல்வி உதவித்தொகைத் திட்டம்’ என்று ஒருவரும் எழுதவில்லை. ‘எஸ்சி ஸ்காலர்ஷிப் லாஸ்ட் டேட்’ என்று எழுதினர். ‘கம்யூனிட்டி சர்டிபிகேட் எப்படி வாங்குவது’ என்று எழுதினர். நம் தளத்திலோ ‘இனச்சான்று’ என்னும் சொல் மட்டுமே இருக்கிறது. தேடுபொறிகள் ஒருபொருட் சொற்களை இப்போது ஓரளவு உணர்கின்றன எனினும், கேட்பவர் சொல்லும் எழுதுபவர் சொல்லும் ஒன்றாக இருப்பதே உறுதியான வழி. செந்தமிழைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. ‘சாதிச் சான்றிதழ், அதாவது மக்கள் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று வழங்குவது’ என ஒரு தொடரில் இரண்டையும் சொல்லிவிடலாமே!

ஊர்ப்பெயரும் இத்தகையதே. பூந்தமல்லி என்று எழுதுகிறோம். பூவிருந்தவல்லி என்றும் எழுதுகிறோம். வழக்கில் பூனமல்லி என்கிறோம். ஒரே ஊரை மூவர் மூன்று பெயரால் தேடுவர். நம் மாலை வகுப்பைப் பற்றிய பக்கத்தில் வானகரம் என்ற பெயரோடு, எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதையும் எழுதினால், மதுரவாயல், போரூர், திருவேற்காடு என்று தேடுவோர்க்கும் அது கிடைக்கக்கூடும். உண்மையில் பிள்ளைகள் வரும் ஊர்களை மட்டுமே எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, எழுத்தை எழுத்தாகவே இடுதல். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் பல, தத்தமக்கென வெவ்வேறு எழுத்துருக்களைக் கையாண்டன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, பொறிக்குப் பொருளற்ற குறிகளின் கூட்டமாகவே தெரிந்தது. அதனால் இருந்தும் கிடைக்காதனவாயின அப்பக்கங்கள். பின்னர் உலகப் பொது முறையான யூனிகோடு பரவியது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினர். காலத்திற்கேற்ப அவற்றை யூனிகோடிற்கு மாற்றியும் வைத்தனர். அதனால் இன்று ஓர் அடியை இட்டுத் தேடினாலும் நூல் கைக்கு வருகிறது.

இவ்வெள்ளி விழா மலரையே எடுத்துக்கொள்வோம். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் கோத்த பக்கங்களைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றிவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. படத்தில் இருக்கும் எழுத்தைப் பொறிகள் இன்று ஓரளவு வாசிக்கின்றன எனினும், பிழையின்றி வாசிக்கும் என்பதற்கு உறுதியில்லை. கட்டுரைகளை யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாக இடுதல் வேண்டும். நிழற்படங்களுக்குக் கீழே இடமும் ஆண்டும் நிகழ்ச்சியும் எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒரு பக்கத்திற்கு ஒரு பொருள். நம் தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் ‘முகப்பு’ என்ற ஒரே தலைப்பு இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் எந்தப் பிள்ளையை அழைப்பது? ‘பிளஸ் டூ முடித்த மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை: வேண்டிய சான்றுகள்’ என்பது போல் ஒவ்வொரு பக்கத்திற்கும் அதன் பொருளையே தலைப்பாக இடுக. எழுதிய நாளையும் திருத்திய நாளையும் குறிப்பிடுக. சங்கத்தின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எல்லா இடங்களிலும் ஒரே வகையில் இருக்கட்டும். கைப்பேசியில் விரைவாகத் திறக்குமாறு படங்களைச் சிறிதாக்குக. தளத்தை எந்தச் சொற்களால் தேடி வருகிறார்கள் என்பதைக் காட்டும் சர்ச் கன்சோல் என்னும் கருவியைக் கூகுள் இலவசமாகவே தருகிறது. மாதம் ஒருமுறை நம் இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துச் செயற்குழுவிற்கு அறிக்கை தரலாம்.

நான்காவது, பிறர் சுட்டும்படி இருத்தல். பள்ளிகளும் கல்லூரிகளும் நூலகங்களும் பிற சங்கங்களும் தங்கள் தளங்களில் நம்மைச் சுட்ட வேண்டுமாயின், சுட்டத்தக்கது நம்மிடம் இருத்தல் வேண்டும். நம் பகுதியில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றவர் யார், எத்தொலைவு நடந்தார், தொழிற்சாலைகளில் நம்மவர் எங்ஙனம் வேலைக்குச் சேர்ந்தனர் என்பனவற்றை நம் முதியோரைக் கேட்டு, அவர்கள் இசைவோடு எழுதி இடுவோமாயின், அது வேறெங்கும் கிடைக்காத செல்வமாகும். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நம்மை நாடுவர்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஒரே மாதத்தில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்போர் வருவர். முதலிடத்திற்கு எவராலும் உறுதி கூற இயலாது என்பதைக் கூகுளே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை ஒளித்து வைத்தல், இணைப்புகளை விலைக்கு வாங்குதல் ஆகியன குறுக்கு வழிகள். 2006இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம் தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மக்களுக்கு வேறொரு பக்கமும் காட்டியமையால், கூகுள் அட்டவணையிலிருந்தே சில நாட்கள் நீக்கப்பட்டது. 2011இல் ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்கக் கடை நிறுவனம், தனக்காக அமைக்கப்பட்ட பொய்யான இணைப்புகள் வெளிப்பட்டதும், முதலிடங்களிலிருந்து வெகுதூரம் தள்ளப்பட்டது. கோடிகள் படைத்தோர் விழுந்து எழுந்துவிடுவர். நம் போன்ற சங்கத்தின் நற்பெயர் விழுந்தால் எழுப்புவது அரிது.

இவ்வரிசையில் பிறப்பைக் கேட்டு இடம் தருவோர் இல்லை. அதற்காக இங்கே ஏற்றத்தாழ்வே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். பழைய பெரிய தளங்களுக்குச் சுட்டுவோர் மிகுதி. மிகுதியாகச் சுட்டப்படுவோர் மேலே நிற்கின்றனர். மேலே நிற்போரையே மேலும் பலர் காண்கின்றனர். 2024 முதல் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையும் வரத் தொடங்கியிருக்கிறது. அவ்விடையும் இணையத்தில் உள்ள பக்கங்களிலிருந்தே திரட்டப்படுகிறது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியது மட்டுமே அங்கு இருக்குமாயின், நம் கதையையும் பிறர் சொல்லே சொல்லும். ஆகவே உலகம் முழுவதற்குமான பொதுச் சொற்களில் பெரிய தளங்களோடு மோத வேண்டியதில்லை. வானகரத்தில் மாலை வகுப்பு எங்கே, இவ்வாண்டு விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது, சான்றிதழ் மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்னும் கேள்விகளுக்கு நம்மைப்போல் விடையளிக்கக் கூடியவர் வேறெவர்? அந்த இடம் நமக்கு உரியது. அதை உழைத்துப் பெறலாம்.

இளைஞர்களே! உங்களுள் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் செய்தி தரட்டும். ஆசிரியர்களாகிய யாம் பிழை திருத்தித் தருகிறோம். நீங்கள் தட்டச்சு செய்து ஏற்றுங்கள். பலன் ஒரு வாரத்தில் தெரியாது. சில மாதங்கள் ஆகலாம். அடுத்த கல்வியாண்டில் விண்ணப்பம் தொடங்கும் முன் உதவித்தொகைப் பக்கமேனும் ஒழுங்காகிவிட்டால், ஒரு பிள்ளையாவது தரகரிடம் போகாமல் நாளுக்குள் விண்ணப்பித்துவிடும். இவ்விழாவிற்கு அதைவிடச் சிறந்த மலர் வேறில்லை.