கிரானில் இருக்கிறது வித்தியாசம்

1998-இல் துவாஸ் இரண்டாம் பாலம் திறந்த பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்த்தபடி மலேசியாவின் கெலாங் பாத்தாவில் வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் பலர். இரண்டு டெரஸ் வீடுகள் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் மூன்று அறை, ஒரே அளவு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்குவது?

சுவரைப் பார்க்காதீர்கள். கிரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, கேட்டு வாங்கிப் பாருங்கள். 'கெரான்' என்றிருந்தால் நிரந்தர உரிமை. 'பஜாக்கான்' என்றிருந்தால் குத்தகை நிலம். தேசிய நிலச் சட்டப்படி குத்தகை 99 ஆண்டுகளைத் தாண்டாது. 1998-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2097-இல் முடிந்துவிடும். அந்த வீட்டை நாளை உங்கள் பேரப்பிள்ளை விற்கப் போனால், மிச்சமிருக்கும் ஆண்டுகளைத்தான் வங்கி முதலில் எண்ணும்.

'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற வரியையும் விடாமல் படியுங்கள். மாநில அரசின் அனுமதியின்றி விற்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அங்கேதான் இருக்கும். காவலுள்ள குடியிருப்பென்றால் மாதப் பராமரிப்புக் கட்டணத்தையும் கேளுங்கள். வங்கித் தவணை முடிந்தாலும் அது முடியாது.

காலையில் பாலம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இரண்டு வீட்டிலிருந்தும்.

என்னைக் கேட்டால், விலை ஒன்றென்றால் நிரந்தர உரிமை வீடுதான். முன்பணம் நீட்டும் முன், நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனும் அதிகாரபூர்வ உரிமைத் தேடலை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.