வாரம் எழுபது ரூபாய்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இன்று ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையில் காப்பிப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. கார்த்திகையில் பழம் எடுக்க ஆரம்பித்தால் தை மாசத்தோடு சரி. செலவோ பன்னிரண்டு மாசமும் இருக்கிறது. ஆடியில் உரம் வைக்கணும், களை எடுக்கணும், கையில் காசு இருக்காது. உடனே வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறோம்.

இருபதாயிரம் ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி என்று வையுங்கள். மாசம் 600 ரூபாய். தை வரை ஆறு மாசத்துக்கு 3,600 ரூபாய். அதோடு முடிந்ததா? வாங்கின இடத்திலேதான் காப்பியைப் போடணும், அவர் சொன்னதுதான் விலை. பழத்தைத் தோல் நீக்கி, கழுவி, காயவைத்து, நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. வட்டி கண்ணுக்குத் தெரிகிறது. விலையில் போவது தெரிவதில்லை.

இப்போது மறுபக்கம் பாருங்கள். சௌசௌக் காய் வாராவாரம் சந்தைக்குப் போகிறது. வாழைத்தாரும் அவ்வப்போது போகிறது. அந்தக் காசிலே வாரம் 70 ரூபாய், அதாவது நாளைக்குப் பத்து ரூபாய். மாசம் 300, வருஷம் 3,600. நீங்கள் கொடுத்த ஆறு மாச வட்டியும் அதேதான்!

இதைத் தபாலாபீசில் ஐந்து வருஷத் தொடர் வைப்பில் கட்டுங்கள். மாசம் 100 ரூபாய் இருந்தாலே கணக்குத் தொடங்கலாம். 2025-ஆம் ஆண்டில் இதற்கு வட்டி 6.7 சதவீதம். அந்தக் கணக்குப்படி, நீங்கள் கட்டும் 18,000 ரூபாய் ஐந்து வருஷத்தில் சுமார் 21,400 ஆகிவிடும். ஆடியில் வாங்கும் முன்பணம் இனி உங்கள் சொந்தப் பணம். காப்பிக்கும் நீங்கள்தான் எஜமானர்.

“அதுவரைக்கும் உரத்துக்கு என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடு தவறாமல் கட்டினால் வட்டியே கிடையாது. சிட்டா, அடங்கலோடு முதலில் அங்கே போங்கள்.

“தோட்டம்தானே என் பேங்கு” என்று சொல்கிறவர்களும் உண்டு. இதே மலையில் விருப்பாட்சி வாழை ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேரில் இருந்தது. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி, 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. தோட்டத்துக்கு நோய் வரும், காற்று வரும், யானையும் வரும். தோட்டத்துக்கு வெளியிலும் நாலு காசு இருக்கத்தான் வேணும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். செலவு போக மிஞ்சியதைச் சேர்க்கலாம் என்றால் ஒரு நாளும் மிஞ்சாது. சந்தைக் காசு கைக்கு வந்ததும் முதலில் எழுபதை எடுத்து வையுங்கள். பிறகு மளிகை, பிறகு டீக்கடை. அவசரம் வந்தால் கணக்கை முடித்துவிடாதீர்கள். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், இருப்பில் பாதி வரை அங்கேயே கடன் கிடைக்கும்.

அடுத்த சந்தையிலேயே ஆரம்பியுங்கள்.