டப்பாவில் அச்சான சட்டமும் அதைப் படிக்க முடியாத தாயும்



கடையில் விற்கும் குழந்தைப் பால்பவுடர் டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்காது. இது நிறுவனங்களின் அடக்கம் அல்ல, சட்டத்தின் கட்டளை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனையை நெறிப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பை 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அந்த வழியில் இந்திய நாடாளுமன்றம் 1992இல் தனிச்சட்டம் இயற்றியது; 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பால்பவுடருக்கும் இணை உணவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது. மருத்துவர் சங்கங்களுக்கு நன்கொடையும் கூடாது.

'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்ற வாசகம் பால்பவுடர் டப்பாவில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் இடம்பெற வேண்டும். எந்த மொழியில்? பொதுவான உணவு லேபிள் விதியின்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். பிற மொழிகள் நிறுவனத்தின் விருப்பம். அந்த இரண்டும் அறியாத உழைப்பாளித் தாய்க்கு எச்சரிக்கை மட்டுமல்ல, கரண்டிக் கணக்கும் நீரைக் கொதிக்கவைக்கும் குறிப்பும்கூட எட்டாது. விலை தாங்காமல் பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சனை. நீர்த்த பால் குழந்தையை மெலியவைக்கும். அசுத்த நீர் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

படிக்கத் தெரிந்தவர்களும் விலையைப் பார்க்கும் அளவுக்கு உட்பொருள் பட்டியலைப் பார்ப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் விற்கப்பட்ட செரிலாக் வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருந்ததைக் காட்டியது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே நிறுவனம் விற்ற அத்தகைய உணவில் அது இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே இங்கும் சர்க்கரை சேர்க்காத வகைகள் அறிவிக்கப்பட்டன.

தண்டனையின் அளவையும் நோக்க வேண்டும். சட்டவிரோத விளம்பரத்திற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம். பன்னாட்டு நிறுவனத்திற்கு 5000 ரூபாய்! லேபிள் குற்றத்திற்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை உண்டு. ஆனால் பெற்றோர் நேரடியாக வழக்குத் தொடர இயலாது. அதிகாரம் பெற்ற அலுவலரோ அரசு அறிவித்த தன்னார்வ அமைப்போதான் நீதிமன்றத்தில் புகார் அளிக்க முடியும்.

ஆகவே அலுவலரை அசைப்பது கிளைகளின் வேலையாகிறது. டப்பாவின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, தொகுதி எண்ணையும் ரசீதையும் சேர்த்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதியலாம்.