'ரஃப்' என்ற ஒரு சொல்



சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கோல சிலாங்கூர் பக்கம், கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போயிருந்தோம். நன்றாக இருட்டிய பிறகுதான் படகு புறப்படும். அதுவரை படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, அந்தச் சிறிய துடுப்புப் படகைச் சற்றுப் பயத்தோடு பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நம் தோட்டத்துப் பையன் ஒருவனிடம், "இஸ் இட் ரஃப்?" என்று கேட்டார். பையன் சிறிதும் தயங்கவில்லை. "நோ மேடம், ஆல் குட் பீப்பள்" என்றான்.

அம்மையார் விழித்தார். ஆற்றில் அலை அடிக்குமா, படகு ஆடுமா என்பது அவர் கேள்வி. இங்கே முரடர்கள் உண்டா என்று கேட்பதாக அவன் எடுத்துக்கொண்டான். சிலாங்கூர் ஆறு அந்த இடத்தில் சலனமில்லாமல் ஓடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே சொல் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பிரம்படி வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

ஆர், ஓ, யு, ஜி, எச் என்று ஐந்து எழுத்து. கடைசியில் நிற்கும் ஜி-யும் எச்-சும் சேர்ந்து இங்கே 'ஃப்' என்று ஒலிக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி இருந்தது. காலப்போக்கில் சில சொற்களில் அது 'ஃப்' ஆயிற்று. ரஃப், டஃப், இனஃப், காஃப் எல்லாம் அப்படி. வேறு சில சொற்களில் அது அடியோடு மறைந்துவிட்டது. அதனால்தான் இதே எழுத்துகளில் முடியும் 'தோ' வேறு மாதிரியும் 'த்ரூ' வேறு மாதிரியும் ஒலிக்கின்றன. பிள்ளைகள் 'ரவ்' என்றோ 'ரோ' என்றோ வாசித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். குற்றம் பிள்ளையிடம் இல்லை, அந்த எழுத்துக்கூட்டலில்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் கைக்குத் தெரியும். தடவிப் பார்த்தால் வழவழப்பாக இல்லாதது ரஃப். தமிழில் சொரசொரப்பு என்கிறோம். கோணிச் சாக்கு ரஃப், செம்பனை மட்டை ரஃப், பலாப்பழத்தின் தோல் ரஃப். சொரசொரப்பு என்றாலே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் ஷீட் போட்ட காலத்தில் பாலை உறையவைத்து, முதலில் வழவழப்பான உருளையில் கொடுத்து, கடைசியில் வரி போட்ட உருளையில் கொடுப்பார்கள் அல்லவா? ஷீட்டின் மேல் வரி விழுந்தால் காற்றும் புகையும் படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. வழவழப்பாகவே விட்டிருந்தால் இத்தனை வசதி கிடைத்திராது.

கையிலிருந்து புறப்பட்ட அந்தச் சொல் பிறகு ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியது. குண்டும் குழியுமான செம்மண் சாலை ரஃப். கரகரத்த குரல் ரஃப். கொந்தளிக்கும் கடல் ரஃப். வானிலைத் துறையினர் மீனவர்களுக்கு விடும் எச்சரிக்கையில் வருவது இந்தக் கடல்தான். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்று சேர்த்துச் சொல்வார்கள். பந்து விளையாட்டில் காலைத் தட்டிவிடுகிறவன் ஆட்டம் ரஃப். கோல்ப் மைதானத்தில் வெட்டாமல் விட்ட நீண்ட புல்லுக்கும் பெயர் ரஃப்; துரைமார்களின் பின்னால் பை தூக்கிப் போன நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும், பந்தைத் தேடியவர்கள் அவர்கள்தானே!

இன்னொரு வழியிலும் இந்தச் சொல் பரவியது. இழைத்து முடிக்காத பலகை சொரசொரப்பாக இருக்கும். ஆகவே முடிவு பெறாத எதுவும் ரஃப் ஆயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்கும் தாள் 'ரஃப் பேப்பர்'. திருத்தி எழுதுவதற்கு முன் எழுதிய கடிதம் 'ரஃப் காப்பி'. குத்துமதிப்பாகச் சொல்லும் தொகை 'ரஃப் எஸ்டிமேட்'. உமி நீக்காத நெல்லுக்கு வியாபார ஆங்கிலத்தில் 'ரஃப் ரைஸ்' என்றே பெயர். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் விளைவதை மூட்டையில் பார்த்திருப்பீர்கள். அது முரட்டு அரிசி அல்ல, இன்னும் அரிசி ஆகாத நெல். பட்டை தீட்டாத வைரம் 'ரஃப் டைமண்ட்'. பேச்சு நடத்தையில் பட்டிக்காட்டான் போலிருந்து மனத்தில் தங்கமாக இருப்பவனையும் அப்படிச் சொல்வார்கள். நாமானால் பலாப்பழத்தைக் காட்டியிருப்போம்.

வெள்ளைக்காரர் ஒருவர் "ஐ ஃபீல் ரஃப்" என்றால் சண்டைக்கு வருகிறார் என்று ஒதுங்க வேண்டாம். அவருக்கு உடம்பு சரியில்லை.

இப்போது அந்தக் கதை. 1966-ஆம் ஆண்டு. எங்கள் அண்ணன் பட்டணத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். தவணை முடிவில் அறிக்கை அட்டை வந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண். கீழே ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "ஹிஸ் ஒர்க் இஸ் ரஃப்." அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை வழியில் நிறுத்திக் காட்டினார். அவர் அவசரத்தில், "பையன் ரஃப்பாக இருக்கிறானாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரஃப் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். கள்ளுக்கடையில் மேசையைப் புரட்டுகிறவன் ரஃப்.

அன்று இரவு அண்ணன் வாங்கிய அடி எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. "யாரை அடிச்சே? சொல்லுடா, யாரை அடிச்சே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாரையும் அடித்திருந்தால்தானே சொல்வதற்கு! அந்த ஆண்டோடு அவர் படிப்பும் நின்றது. அடி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம், வீட்டில் கைக்காசும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும்.

1974-இல் பிறப்புப் பத்திரம் தேடித் தகரப் பெட்டியைக் குடைந்தபோது அந்த அட்டை அகப்பட்டது. அதற்குள் எங்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. 'ஒர்க்' என்ற சொல்லை அன்று யாரும் பார்க்கவே இல்லை. பிள்ளையின் வேலை திருத்தமாக இல்லை, எழுத்து கோணல்மாணல், அடித்தல் திருத்தல் அதிகம் என்பதுதான் ஆசிரியர் எழுதியது. அப்பாவிடம் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவன் யாரையும் அடிக்கவே இல்லையா?" என்று கேட்டார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "விடுங்கப்பா, பழைய கதை" என்றார்.

சரி, மலாய்க்கு வருவோம். அதில் இதற்கு இணையான சொல் 'கசார்'. சொரசொரப்பான துணி கசார். முரட்டு ஆட்டம் 'மாயின் கசார்'. மரியாதையற்ற பேச்சு 'பஹாசா கசார்'. குத்துமதிப்பு 'அங்காரான் கசார்'. இதுவரை இரண்டு மொழியும் கைகோத்துப் போகின்றன. கடலில் பிரிந்துவிடுகின்றன. கொந்தளிக்கும் கடலைக் கசார் என்பதில்லை, 'பெர்கெலோரா' என்பார்கள்.

இதற்கு எதிர்ச்சொல் 'ஹாலுஸ்', மென்மை, நுண்மை. அதற்காக 'ஓராங் ஹாலுஸ்' என்றால் மென்மையான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் நடமாடும் ஆவியை அல்லவா அப்படிச் சொல்கிறார்கள்!

சம்பளச் சீட்டில் 'காஜி கசார்' என்று ஒரு வரி இருக்கும். அது குத்துமதிப்புச் சம்பளம் அல்ல, பிடித்தம் போவதற்கு முந்திய மொத்தச் சம்பளம். ஆங்கிலத்தில் இதற்கு ரஃப் என்ற சொல் வராது, 'கிராஸ்' என்பார்கள். கையில் வருவது 'காஜி பெர்சே', நிகரச் சம்பளம். மொத்தம் 1,700 ரிங்கிட் என்றால் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 187 ரிங்கிட் போகும். சொக்சோ முதலியவற்றுக்கு இன்னும் சில ரிங்கிட் போகும். கடன் வாங்கும்போதும் தவணைக்குச் சாமான் எடுக்கும்போதும் முதல் வரியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் மாதக் கடைசியில் தவிப்பதை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். வீட்டுக் கணக்குக்கு உதவுவது இரண்டாவது வரி.

பிள்ளைகளை மிகவும் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பள்ளிப் பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'பூரோ கசார்' என்று எழுதுவார்கள். "எங்க அப்பா முரட்டு ஆளா?" என்று ஒரு சிறுமி எங்களைக் கேட்டிருக்கிறாள். இல்லை அம்மா. கையால் உடலை வருத்திச் செய்யும் வேலைக்கு மலாயில் அப்படிப் பெயர். ஆளின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்றாலும், உள்ளதைச் சொன்னால், பால்வெட்டுக்கு அந்தப் பெயர் எங்களுக்குப் பிடித்ததில்லை. ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். உள்ளே மரத்தை ஒட்டி இருக்கும் மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொடவே கூடாது. தொட்டால் காயம், காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுமுறை அங்கே சரியாக வெட்ட முடியாது. அதையும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தார்கள். பாரத்தில் 'பெனோரே கெத்தா', அதாவது பால்மரம் வெட்டுபவர் என்று எழுதலாம், தவறே இல்லை. செம்பனையில் வேலை செய்தால் செம்பனைத் தோட்டத் தொழிலாளி என்று எழுதலாம்.

கடைசியாக ஒன்று. கூரை மாற்றுவதற்கோ அறை இழுத்துக் கட்டுவதற்கோ குத்தகைக்காரர் தரும் தாளில் 'ரஃப் எஸ்டிமேட்' அல்லது 'அங்காரான் கசார்' என்று இருந்தால், அந்தத் தொகை ஏறலாம் என்று பொருள். முடிவான விலையைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேளுங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

மாணவர்களே, இன்றைக்கு ஒரு பயிற்சி. ரோடு, சீ, வாய்ஸ், ஒர்க், ரைஸ் இந்த ஐந்து சொற்களுக்கும் முன்னால் 'ரஃப்' போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் எழுதி, அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். முதலில் ரஃப் தாளில் எழுதலாம். அடுத்த பேச்சில் 'ஸ்மூத்' என்ற சொல்லோடு வருகிறோம்.